செவிட்டு நாய்க்கு ஒரு வீடு

எனக்குக் கோபம் வரும். இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் யாரிடம் கேட்டாலும் நேசம்மாவைப் பற்றி அதைத்தான் முதலில் சொல்வார்கள். தொலைபேசி எக்ஸ்சேஞ்சில் எனக்கு ஆபரேட்டர் வேலை. காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு நாள் முழுக்க முகம் தெரியாத ஆட்களிடம் தேனாகப் பேசிவிட்டு வெளியே வந்தால், மிச்சம் இருக்கிற நாக்கில் காரம்தான் இருக்கும். ஆனால் அந்தக் கோபம் மட்டும் இல்லாவிட்டால், அந்த நாய்க்குட்டி அன்றைக்குக் கிள்ளான் ரோட்டில் லோரிச் சக்கரத்துக்கு அடியில் போயிருக்கும்.

எண்பத்தொன்றாம் வருடம். கிள்ளானில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு ராதாகிருஷ்ணனின் டாக்சியில் திரும்பிக்கொண்டிருந்தேன். ராதாகிருஷ்ணன் எங்கள் தெருக்காரர். மீசை பெரிது, மனசு சின்னக் குழந்தை. வழியில் ஒரு தோட்டத்தில் தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களை இடித்துக்கொண்டிருந்தார்கள். ரப்பர் மரங்களை வெட்டி வீடு கட்டப் போகிறார்களாம். சாமான் ஏற்றிய லோரி ஒன்று எங்களுக்கு முன்னால் ரோட்டில் ஏறியது. அலமாரி, அம்மிக்கல், கண்ணாடி போட்ட முருகன் படம், சாமான்களின் மேல் உட்கார்ந்திருந்த இரண்டு பிள்ளைகள். லோரிக்குப் பின்னால் நாலு கால் பாய்ச்சலில் ஒரு நாய்க்குட்டி ஓடியது. பிள்ளைகள் கையை நீட்டி அழுதார்கள். லோரி நிற்கவில்லை.

குட்டிக்கு மூச்சு வாங்கிவிட்டது. நடு ரோட்டில் நின்றுவிட்டது. எதிரே இன்னொரு லோரி ஹோர்ன் அடித்துக்கொண்டே வந்தது. நான் டாக்சியை நிறுத்தச் சொன்னேன்.

"வேணாம்க்கா. சீட்டெல்லாம் சேறாயிரும் லா," என்றார் ராதாகிருஷ்ணன்.

நான் பட்டுப் புடவையோடு இறங்கி, லோரிக்கு நேர் எதிரே போய் நின்று கையைக் காட்டினேன். டிரைவர் பிரேக் போட்டுவிட்டுத் தலையை வெளியே நீட்டி என்னைத் திட்டினான். நான் அவனைத் தமிழில் திட்ட ஆரம்பித்து, மலாயில் தொடர்ந்து, இங்கிலீஷில் முடித்தேன். குட்டியைத் தூக்கினேன். குட்டி என்றாலும் கைக்குழந்தை அல்ல, ஆறு மாதக் குட்டி. செம்மண் நிறம். ஒரு காது நிமிர்ந்து நின்றது, மற்றது மடங்கிக் கிடந்தது. கழுத்தில் யாரோ ஆசையாக ஒரு கறுப்புக் கயிறு கட்டி, அதில் ஒரு சின்ன மணியைக் கோர்த்திருந்தார்கள்.

லோரியைத் துரத்திப் பார்த்தோம். சந்தியில் அது எந்தப் பக்கம் திரும்பியது என்று தெரியவில்லை. திரும்பி வந்து இடிக்கிற இடத்தில் நின்ற ஆளிடம் கேட்டதற்கு, அவர்களுக்கெல்லாம் அடுக்குமாடி வீடு கொடுத்திருக்கிறார்கள், அங்கே நாய் வளர்க்கக் கூடாது, அதனால் நிறைய நாய்களை இப்படித்தான் விட்டுவிட்டுப் போகிறார்கள் என்று சொன்னார். நான் குட்டியை மடியில் வைத்துக்கொண்டு டாக்சியில் ஏறினேன்.

வண்டியில் குட்டி ஊளையிட்டுக்கொண்டே வந்தது. நான் தடவிக் கொடுத்து, "குவைட், குவைட், குட் பாய்" என்று கெஞ்சிப் பார்த்தேன். நிறுத்தவில்லை. ராதாகிருஷ்ணனுக்குத் தலைவலி வந்துவிட்டது. பின்னால் திரும்பி, "ஏய், சும்மா படு" என்று ஓர் அதட்டல் போட்டார். குட்டி அந்த நிமிடமே வாயை மூடிக்கொண்டு படுத்துவிட்டது. உங்கள் மீசையைக் கண்டால் நாய்க்குக்கூடப் பயம் என்று சொன்னேன். அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு பிரிக்பீல்ட்ஸ் வரைக்கும் மீசையை நீவிக்கொண்டே ஓட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் பிரின்ஸ் என்று பெயர் வைத்தேன். இலங்கையிலிருந்து வந்த எங்கள் சிலோன்காரக் குடும்பங்களில் நாய்க்கு இங்கிலீஷ் பெயர்தான் வைப்போம். அதற்கு ஒரு கதை இருக்கிறது. என் அப்பா ரயில்வேயில் இருந்தபோது, அவருடைய வெள்ளைக்கார அதிகாரி ஊருக்குப் போகிற நேரத்தில் தன் நாயை அப்பாவிடம் விட்டுப் போனார். ரெக்ஸ் என்று பெயர். அதற்கு இங்கிலீஷ் மட்டும்தான் தெரியும். அதற்காகவே அப்பா என் அம்மாவுக்கு 'சிட்', 'கம் ஹியர்', 'கெட் அவுட்' மூன்றையும் சொல்லிக் கொடுத்தார். ரெக்ஸ் செத்தது. அடுத்து ஒரு சந்து நாய் வந்தது. அதற்கும் அதே மூன்று வார்த்தைகள்தான். அம்மா சமையலறையில் எங்களைத் தமிழில் விளாசிவிட்டு, திரும்பி நாயைப் பார்த்து மரியாதையாக 'கெட் அவுட்' என்பாள். எங்கள் சொந்தக்காரர்கள் வீடுகளிலும் அப்படித்தான். யாருக்கும் அது விசித்திரமாகப் பட்டதில்லை.

"கம் ஹியர், பிரின்ஸ்," என்றேன். அது என் முகத்தைப் பார்த்தது, சுவரைப் பார்த்தது, அங்கேயே நின்றது. புது இடம், கூச்சப்படுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கு அதை வைத்துக்கொள்ள ஆசைதான். ஆனால் நான் தனி ஆள், இரவு ஷிப்டும் பகல் ஷிப்டும் மாறி மாறி வரும். நான் இருந்ததோ கடைக்கு மேல் மாடி. கீழே அரிசிக் கடை வைத்திருந்த வீட்டுக்காரச் செட்டியார் நல்ல மனிதர், அவர் மனைவி ஆச்சிக்குத்தான் நாய் என்றால் நடுக்கம். ஆச்சி சனிக்கிழமை ஊரிலிருந்து வருகிறார்கள், அதற்குள் ஒரு வழி பண்ணிவிடுங்கள் என்று பாதி வெட்கத்தோடு கேட்டுக்கொண்டார். போதாக்குறைக்கு, லைசென்ஸ் பட்டை இல்லாத நாய்களைப் பிடித்துப் போகிற வண்டி எங்கள் தெருவில் சுற்ற ஆரம்பித்திருந்தது. பிடித்துக்கொண்டு போனால் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். பட்டை வாங்க, நாய் நிலையாக இருக்கப் போகிற வீட்டின் முகவரி வேண்டும். முகவரி வேண்டுமென்றால் வீடு வேண்டும்.

வீடு பிடிப்பதற்கு என்னை விட்டால் வேறு ஆள் ஏது? கோலாலம்பூரிலும் சுற்றுவட்டாரத்திலும் யாருக்கு என்ன நம்பர் என்பது எனக்குத் தலைகீழ்ப் பாடம். ஷிப்ட் முடிந்ததும் ஓர் ஓரமாக உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். கல்யாணத் தரகர் பெண்ணைப் பற்றிச் சொல்வதுபோல நிறம் நல்லது, குணம் தங்கம், சாப்பாட்டுக்குத் தொல்லை இல்லை என்று அடுக்கினேன்.

முதலில் மாட்டியவர் பெட்டாலிங் ஜெயாவில் இருந்த சிவசம்பு. அரசாங்க வேலையில் பெரிய நாற்காலியில் இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் முறைப்படி செய்கிறவர். காவலுக்கு நாய் வேண்டும் என்று புதுக் கழுத்துப்பட்டையெல்லாம் வாங்கி வைத்துவிட்டு வந்து கூட்டிக்கொண்டு போனார். இரண்டாம் நாளே திரும்பிக் கொண்டுவந்தார். குட்டியை என் வாசலில் இறக்கிவிட்டு, டாக்டர் ரிப்போர்ட் படிப்பதுபோலச் சொன்னார்: காது கேட்கவில்லை. காலையிலும் மாலையிலும் 'சிட்', 'ஸ்டே' எல்லாம் தெளிவான உச்சரிப்பில் சொல்லிப் பார்த்தாராம். ஒன்றுக்கும் அசையவில்லையாம். செவிட்டு நாய் எப்படித் திருடனைப் பிடிக்கும் என்று கேட்டார். அவர் வீட்டில் திருட என்ன இருக்கிறது என்று நான் திருப்பிக் கேட்டேன். அவர் கழுத்துப்பட்டையைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்து அம்பாங்கில் இருந்த இந்திரா. என் தோழியின் மகள், நர்ஸ். அவள் வீட்டிலிருந்தும் திரும்பி வந்தது. செவிடு இல்லை ஆன்டி, பிஸ்கட் டின் திறந்தால் மூன்றாவது அறையிலிருந்து ஓடி வருகிறது, ஆனால் மூளைதான் கொஞ்சம் மந்தம் என்று அவள் அனுதாபத்தோடு சொன்னாள். அனுதாபம் எனக்குப் பிடிக்காத ஒன்று. என் நாய்க்கு மூளை மந்தமா என்று கத்திவிட்டு, அப்புறம்தான் அது என் நாய் இல்லை என்பது ஞாபகத்துக்கு வந்தது.

எங்கள் ஆட்களைப் பற்றித் தெரியாதா? ஒரு வாய் ஒரு காது போதும். அந்த வாரத்துக்குள் 'நேசம்மாவின் செவிட்டு நாய்' ஊர் முழுக்கப் பிரபலமாகிவிட்டது. நான் போன் எடுத்து ஹலோ என்றாலே, அந்தப் பக்கம் அவசர வேலை வந்துவிடும். ஆச்சி வருகிற சனிக்கிழமையும் வந்துவிட்டது. கடைசியில் ஒரே ஒரு வீடு பாக்கி. அதைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம் புனிதவதி.

புனிதவதி என் செத்துப்போன அண்ணனின் மனைவி. எங்கள் முறையில் எனக்கு மச்சாள். கான்வென்ட் பள்ளியில் இங்கிலீஷ் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். நல்லவள்தான். ஆனால் உலகத்தில் இருக்கிற எல்லோரும் தன் வகுப்பில் உட்கார்ந்திருப்பதாக ஒரு நினைப்பு. சுபாங் ஜெயாவில் மகன் விஜயனோடு புது வரிசை வீட்டில் இருந்தாள். அந்த வீட்டில் அரை வருடமாக ஒரு மருமகளும் இருந்தாள், குணபூசணி. யாழ்ப்பாணத்துப் பெண். என் அண்ணன் சாகும் முன்னே பேசி வைத்துவிட்டுப் போன சம்பந்தம். பொருத்தமும் நன்றாக இருந்தது, விஜயனுக்கும் படத்தைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. ஒரே ஒரு குறை, பெண்ணுக்கு இங்கிலீஷ் வராது.

அதற்குப் புனிதவதி ஒரு வைத்தியம் கண்டுபிடித்திருந்தாள். மருமகளிடம் தமிழில் ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று முடிவு கட்டிவிட்டாள். எல்லாமே இங்கிலீஷ், அதுவும் மெதுவாக, உரக்க, ஒவ்வொரு வார்த்தையாக. அப்படிப் பேசினால் சீக்கிரம் பிடித்துக்கொள்வாளாம். விஜயன் இருட்டோடு பாக்டரிக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் வருவான். அக்கம்பக்கத்தில் சீனர்களும் இங்கிலீஷ் பேசுகிற நம்மவர்களும்தான். அந்தப் பெண் வந்த புதிதில் கலகலவென்று பேசுவாள், எங்கள் யாழ்ப்பாண வழக்கில் சொன்னால் கதைப்பாள். நாளாக ஆக வாயைத் திறப்பதையே விட்டுவிட்டாள். ஆள் கொஞ்சம் டல் என்று புனிதவதி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை மத்தியானம் ராதாகிருஷ்ணனின் டாக்சியில் குட்டியை ஏற்றிக்கொண்டு போய் இறங்கினேன். கேட்டைத் திறந்தபோதே புனிதவதி 'நோ' என்றாள். தேத்தண்ணி குடிக்கிற நேரம் மட்டும் இருக்கட்டும் என்று நான் போர்டிகோவில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். இன்றைக்கு இந்தக் குட்டியை இங்கே விடாமல் நான் வீடு திரும்பினால் ஆச்சி கடை வாசலையே மிதிக்க மாட்டாள், தெருவில் விட்டால் வண்டி வந்து பிடித்துக்கொண்டு போகும். எனக்கு வேறு வழி இல்லை.

செவிடு என்று ஊரே சொல்கிற நாயைப் புனிதவதி தானே பரீட்சை பண்ணிப் பார்க்க வேண்டும் அல்லவா? குனிந்து, அதன் முகத்துக்கு நேரே விரலை நீட்டி, "சிட்" என்றாள். குட்டி அவளைப் பார்த்தது. இன்னும் உரக்க, "சிட்... டவுன்" என்றாள். குட்டி மடங்கின காதையும் கொஞ்சம் தூக்கி, பாவமாக அவள் வாயையே பார்த்தது. அந்த நேரத்தில் குணபூசணி தட்டில் தேத்தண்ணியோடு வெளியே வந்தாள். புனிதவதி அதே குனிந்த வாக்கில், அதே விரலை நீட்டி, அதே குரலில், நாயைப் பின்பக்கம் கொண்டுபோய்க் கட்டும்படி மருமகளிடம் இங்கிலீஷில் சொன்னாள். குணபூசணி மாமியாரின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் குட்டியும் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றது. இரண்டு பேர் முகத்திலும் ஒரே பார்வை. எனக்கு எங்கேயோ சுருக்கென்றது. மச்சாளைப் பிடித்து நாலு வார்த்தை கேட்க வாயைத் திறந்தேன்.

அதற்குள் காரியம் கெட்டது. ராதாகிருஷ்ணன் கேட்டைச் சாத்தாமல் விட்டிருந்தார். அடுத்த தெருவிலிருந்து ஒரு லோரி உறுமிக்கொண்டு இந்தத் தெருவுக்குள் திரும்பியது. அந்தச் சத்தம் கேட்டதும் குட்டி விருட்டென்று பாய்ந்து வெளியே ஓடியது. பாவம், அதற்கு எல்லா லோரியும் அந்த லோரிதான். நான் "பிரின்ஸ், ஸ்டாப்" என்று கத்தினேன். புனிதவதி "கம் ஹியர்" என்று கத்தினாள். குட்டி காதில் வாங்கவே இல்லை. ரோட்டோரத்து வாய்க்காலைத் தாண்டப் பின்னங்கால்களை மடக்கியது. லோரி மூன்றாவது வீட்டுக்கு வந்துவிட்டது.

குணபூசணியின் கையிலிருந்து தட்டு விழுந்தது.

"டேய், நில்லடா!"

அப்படி ஒரு குரல் அந்தப் பெண்ணின் தொண்டையில் இருந்தது என்று எங்களுக்குத் தெரியாது. தெருவே திரும்பிப் பார்த்தது. குட்டி வாய்க்கால் விளிம்பில் அப்படியே நின்றுவிட்டது. லோரி அதன் மூக்குக்கு முன்னால் காற்றடித்துக்கொண்டு போனது.

"இஞ்ச வா," என்றாள் அவள். குட்டி திரும்பி, வாலைக் கால்களுக்கு இடையில் வைத்துக்கொண்டு வந்தது. "படு," என்றாள். அவள் காலடியில், உடைந்த கோப்பைகளுக்குப் பக்கத்தில், நல்ல பிள்ளையாகப் படுத்தது.

ராதாகிருஷ்ணன் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். அன்றைக்கு டாக்சியில் அவர் போட்ட அதட்டல் எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. தலையில் அடித்துக்கொண்டேன். தோட்டத்து லயத்தில் பிறந்து, தமிழ்ப் பிள்ளைகளோடு புரண்டு வளர்ந்த குட்டி. அதை மடியில் தூக்கி வந்தவள் நான். முருகன் படத்தையும் அந்தப் பிள்ளைகளையும் என் கண்ணாலேயே பார்த்தவள் நான். வந்த அன்றிலிருந்து அதனிடம் வெள்ளைக்கார அதிகாரியின் பாஷையில் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். சிவசம்புவின் தெளிவான உச்சரிப்பை நினைத்தேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாற்காலியில் உட்கார முடியாமல் சிரித்தேன்.

குணபூசணிக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. நான் ரெக்ஸ் கதையிலிருந்து சிவசம்பு வரைக்கும் சொன்னேன். அவள் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அதுக்கு எல்லாம் விளங்குது மாமி," என்றாள். "பாவம், அதோட ஒருத்தரும் கதைக்கேல்லை. அவ்வளவுதான்."

சொல்லிவிட்டு, வாய் தவறிவிட்டதோ என்று மாமியாரைத் திரும்பிப் பார்த்தாள். புனிதவதி உடைந்த கோப்பைத் துண்டுகளைக் குனிந்து பொறுக்க ஆரம்பித்தாள்.

அதற்குப் பிறகு அந்த போர்டிகோவில் நடந்ததைத் திருவிழா என்றுதான் சொல்ல வேண்டும். குணபூசணி "கை தா" என்றாள். குட்டி கையைக் கொடுத்தது. நான் சும்மா "கும்பிடு" என்று சொல்லிப் பார்த்தேன். அது பின்னங்காலில் எழுந்து நின்று, முன்னங்கால் இரண்டையும் சேர்த்து ஒரு கும்பிடு போட்டது. அந்தத் தோட்டத்துப் பிள்ளைகள் எத்தனை பாடம் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், இதைப் போய் மந்தம் என்றார்களே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. ராதாகிருஷ்ணன் தன் பங்குக்கு "ஓடு" என்றார். அது போர்டிகோவைச் சுற்றி ஓடியது. "போதும்" என்றார். நின்றது. அவர் மறுபடியும் மீசையை நீவிக்கொண்டார்.

பிரின்ஸ் என்பது அதன் பெயரே இல்லை என்று குணபூசணி தீர்ப்புச் சொல்லிவிட்டாள். உண்மையான பெயரைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கூப்பிட ஆரம்பித்தாள். வீமா, சூரா, மணி, முருகா. தன் ஊரில் எந்த வீட்டில் எந்த நாய்க்கு என்ன பெயர், எது யாரைக் கடித்தது என்பதையும் கூடவே சொன்னாள். அரை வருடத்துப் பேச்சு உள்ளே அடைத்துக் கிடந்தது, மடை திறந்ததுபோல வந்துகொண்டே இருந்தது. நான் எனக்குத் தெரிந்த எக்ஸ்சேஞ்ச் மேனேஜர் பெயர் வரைக்கும் சொல்லிப் பார்த்தேன். குட்டி எல்லாவற்றுக்கும் வாலை ஆட்டியது, எதற்கும் வரவில்லை.

புனிதவதி அதுவரை ஒதுங்கி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சர் அல்லவா, வகுப்பில் ஒரு கேள்விக்குப் பதில் வராமல் கிடந்தால் அவளால் பொறுக்க முடியாது. மெதுவாகக் கிட்டே வந்தாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து, விரலை நீட்டாமல், குட்டியின் மடங்கின காதைத் தொட்டாள்.

"என்ன ராசா, உன்ர பேர்தான் என்ன?" என்றாள்.

குட்டி துள்ளி எழுந்து இரண்டு காலையும் அவள் மார்பில் போட்டது. முகமெல்லாம் நக்கியது. கழுத்து மணி கிலுகிலுவென்று ஆடியது. அதன் பெயர் ராஜா. பிள்ளைகள் அதை ராசா ராசா என்று கூப்பிட்டிருக்க வேண்டும். புனிதவதி கண்ணாடி சரிந்து, கொண்டை அவிழ்ந்து, தரையில் உட்கார்ந்துவிட்டாள். விஜயனைச் சின்ன வயதில் அவள் ராசா என்றுதான் கூப்பிடுவாள். அது எனக்கும் அவளுக்கும்தான் தெரியும்.

அந்த நேரம் பார்த்து விஜயன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். சனிக்கிழமை அரை நாள் வேலை. ஹெல்மெட்டைக் கழற்றவும் மறந்து கேட்டருகே நின்றான். அம்மா தரையில், டாக்சிக்காரர் கைதட்டிக்கொண்டு, மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு வயிறு வலிக்கச் சிரிக்கிறாள். அவன் நாயைப் பார்க்கவே இல்லை. அவளைத்தான் பார்த்துக்கொண்டு நின்றான்.

இருந்தாலும் புனிதவதி புனிதவதிதான். எழுந்து கொண்டையை முடிந்ததும், இன்றைக்கு ஒரு ராத்திரி மட்டும் இருக்கட்டும், நாளைக்கு வேறு இடம் பார் என்று என்னிடம் சொல்லிவிட்டாள். வீடு அழுக்காகும், பாய் கடிபடும், யார் பார்ப்பது என்றாள். குணபூசணி குட்டிக்குச் சோறு பிசைந்து வைக்க உள்ளே போய்விட்டாள்.

நான் சும்மா இருந்திருக்கலாம். என் கோபம் இருக்க விட்டால்தானே. வீட்டுக்குப் போனதும் சிவசம்புவைக் கூப்பிட்டு, ஐயா, நாய்க்குக் காது நன்றாகக் கேட்கிறது, உங்களுக்குத்தான் தமிழ் வரவில்லை என்று ஒரு பிடி பிடித்தேன். கும்பிடு போடுகிற கதையையும் பெருமையாகச் சொன்னேன். அவர் மறுப்பே சொல்லாமல் கேட்டுக்கொண்டார். மறுநாள் காலையில் அவருடைய கார் சுபாங் ஜெயாவில் போய் நின்றது. கையில் அந்தக் கழுத்துப்பட்டை. விஜயன் போனில் சொல்ல, நான் ராதாகிருஷ்ணனை எழுப்பிக்கொண்டு ஓடினேன்.

நான் போனபோது சிவசம்பு முன் ஹாலில் உட்கார்ந்து, முறைப்படி முதலில் நாயை எடுத்தது தான்தான் என்றும், இடையில் திருப்பிக் கொடுத்தது தவறான தகவலின் அடிப்படையில் என்றும் இங்கிலீஷில் விளக்கிக்கொண்டிருந்தார். பெரிய தோட்டம் இருக்கிறது, வேலைக்காரன் இருக்கிறான், அவனைத் தமிழில் பேசச் சொல்லிவிடலாம், லைசென்ஸுக்கும் நாளைக்கே ஏற்பாடு செய்துவிடலாம் என்றார். எல்லாம் நியாயமாகத்தான் இருந்தது. நான் தேடி அலைந்த வீடு அதுதான். எனக்கு அது வேண்டாமென்று இருந்தது, ஆனால் வேண்டாம் என்று சொல்ல அது என் வீடும் இல்லை, என் நாயும் இல்லை.

குணபூசணி சமையலறை வாசலில் நின்றாள். அவர் பேசியது அவளுக்கு விளங்கியிருக்காது. ஆனால் கழுத்துப்பட்டை விளங்கும். ராசா அவள் புடவைக்குப் பின்னால் நின்றுகொண்டு தலையை மட்டும் நீட்டியது. அவள் ஒரு கையைக் கீழே விட்டு அதன் தலையில் வைத்திருந்தாள். முகத்தில் மறுபடியும் அந்தப் பழைய பார்வை வந்து உட்கார்ந்துவிட்டது. அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. மச்சாள், ஏதாவது சொல் என்று மனசுக்குள் கத்தினேன். வாயால் கத்தாமல் இருந்தது என் வாழ்க்கையிலேயே அந்த ஒரு தடவைதான்.

புனிதவதி சிவசம்பு பேசி முடிக்கும் வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள். பிறகு சமையலறை வாசல் பக்கம் பார்த்தாள்.  அப்புறம் தமிழில் ஆரம்பித்தாள்.

"சிவசம்பு அண்ணை, குறை நினைக்காதேங்கோ. இது என்ர மருமகளின்ர நாய். ராத்திரி முழுக்க அவள் அதோட கதைச்சவள், நான் அறைக்குள்ள இருந்து கேட்டுக்கொண்டு இருந்தனான். தன்ர அம்மாவைப் பற்றி, ஊரைப் பற்றி, இந்த வீட்டைப் பற்றி. என்னைப் பற்றியும்தான். அரை வருசமா எனக்கு முன்னால நிண்ட பிள்ளை, என்னட்டச் சொல்ல ஏலாம நாயிட்டச் சொல்லுறாள்." கட்டியிருந்த கையை இறக்கினாள். "நாய் செவிடில்லை அண்ணை. நான்தான்."

சிவசம்பு கழுத்துப்பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில் அதை மேசை மேல் வைத்தார். இது எனக்குப் பயன்படாது, அந்தப் பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள் என்று தமிழிலேயே சொன்னார். உச்சரிப்பு அவ்வளவு தெளிவாக இல்லை. நான் அவரை மன்னித்துவிட்டேன்.

புனிதவதி எழுந்து மேசையிலிருந்து கழுத்துப்பட்டையை எடுத்துக்கொண்டாள். பழைய கறுப்புக் கயிற்றிலிருந்து மணியைக் கழற்றி இதில் கோர்க்க வேண்டும் என்றாள். பிறகு தன் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டாள். விருந்தாளிகள் வந்தால் மருமகள் தட்டோடு வந்து நின்றுவிட்டுப் போகிற ஹால் அது.

"வா பிள்ளை," என்றாள், உரக்க இல்லாமல், சாதாரணமாக. "தேத்தண்ணியைப் பிறகு போடலாம். எங்களோட வந்து இருந்து கதை."

குணபூசணி முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள். 'வா' என்றது தன்னையும் சேர்த்துத்தான் என்று நினைத்து, ராசா அவளுக்கு முன்னால் ஓடி வந்து நாற்காலியில் ஏறிக்கொண்டது.